நூறு போட்டா நூத்தி எழுபது வந்த கதை

முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி. அணுக்கரு இணைவு, அதாவது ஃப்யூஷன் நடக்க பத்து கோடி டிகிரி வேணும்னு எங்க பார்த்தாலும் போட்டிருப்பாங்க. ஆனா ஒரு துகளோட ஆற்றலா மாத்திப் பார்த்தா அது சுமார் 9 கிலோ எலக்ட்ரான்-வோல்ட்தான். ஒரு டியூட்ரானை 100 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் வரைக்கும் முடுக்க ஒரு லட்சம் வோல்ட் போதும். நம்ம ஊர் 110 கேவி சப்ஸ்டேஷன்ல அதைவிட அதிகமாவே இருக்கு. அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்கள்? ட்ரிட்டியம் மேல டியூட்ரான் பீமை அடிச்சா வேலை முடிஞ்சுதே?

மூணாவது வருஷத்துல இருந்தே இந்தக் கேள்வி என்னை விடல. அதனால அதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்டா எடுத்தேன்.

கணக்கு ஆசை காட்டுற மாதிரிதான் இருக்கும். ஒரு டியூட்ரானும் ஒரு ட்ரிட்டானும் இணைஞ்சா 17.6 மில்லியன் எலக்ட்ரான்-வோல்ட் கிடைக்கும். நாம போட்டது 100 கிலோ. அப்படின்னா 176 டியூட்ரான்ல ஒண்ணே ஒண்ணு இணைஞ்சாலே போட்ட காசு திரும்பிடும். போதாததுக்கு, இந்த இணைவுக்கான வாய்ப்பு உச்சத்துல இருக்கறதும் டியூட்ரானோட ஆற்றல் கிட்டத்தட்ட 100 கிலோ இருக்கும்போதுதான். இயற்கையே ஆஃபர் போட்டுக் குடுத்த மாதிரி.

பைத்தான்ல ஒரு சின்ன சிமுலேஷன் எழுதினேன். ட்ரிட்டியம் பிளாஸ்மா, வெப்பநிலை 1 கிலோ எலக்ட்ரான்-வோல்ட். அதுக்குள்ள 100 கிலோ டியூட்ரான் பீம். செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி விடை வந்துச்சு: 1.7. அதாவது நூறு போட்டா நூத்தி எழுபது வருது! ரூம்மேட் அப்பவே நோபல் ட்ரீட்டுக்கு இடம் பார்க்க ஆரம்பிச்சுட்டான். நான் அந்த நம்பரை ஸ்லைடு நடுவுல பெரிய எழுத்துல போட்டேன்.

மறுநாள் என் கைடு மேடம் ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"எலக்ட்ரான் டெம்பரேச்சர் என்ன குடுத்திருக்கப்பா?"

"ஆயிரம் எலக்ட்ரான்-வோல்ட், மேம்."

"நீ எழுதின ஃபங்ஷன் எந்த யூனிட்ல கேட்குது?"

கிலோவுல கேட்குது. நான் ஆயிரம்னு குடுத்ததை அது ஆயிரம் கிலோன்னு எடுத்துக்கிச்சு. என் பிளாஸ்மாவுல எலக்ட்ரான்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான். திருத்தி ஓட்டினேன். விடை 0.1.

அந்த எலக்ட்ரான்கள் அப்படி என்ன செய்யுது? பீம்ல போற டியூட்ரான் ஒவ்வொரு துகளையும் தாண்டும்போது மின்விசையால லேசா இழுபடும். ஒரு இழுப்புல போறது ரொம்பக் கம்மி. ஆனா இணைவு மாதிரி நேருக்கு நேர் மோதல் ஒண்ணு நடக்கறதுக்குள்ள இப்படி எண்ணவே முடியாத அளவு சின்னச் சின்ன இழுப்பு நடந்துடும். 1 கிலோ பிளாஸ்மாவுல, 100 கிலோ டியூட்ரான் எலக்ட்ரான்கள்கிட்ட இழக்கறது அயனிகள்கிட்ட இழக்கறதைப் போல 15 மடங்குக்கும் மேல. குளிர்ந்த திடப்பொருள் மேல அடிச்சா இன்னும் மோசம். எண்ணெய்க் கிணறு ஆய்வுல பயன்படுத்துற நியூட்ரான் குழாய்கள்ல டியூட்ரான் பீமை ட்ரிட்டியம் ஏத்தின உலோகத்து மேல அடிப்பாங்க. இணைவு நடக்குது, ஆனா லட்சத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். நியூட்ரான் கிடைக்கும், மின்சாரம் கிடைக்காது.

இங்க எனக்கு ஒரு ஆச்சரியம். இந்த இழுப்புக்கான ஃபார்முலாவைத் தேடிப் போனா அங்க இருந்தது நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்பிரமணியன் சந்திரசேகர்! அவர் 1943-ல கேட்டது பிளாஸ்மா பத்தி இல்ல, நட்சத்திரம் பத்தி. நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள ஓடுற ஒரு நட்சத்திரம் மத்ததோட ஈர்ப்பால எப்படி வேகம் குறையுது? ஈர்ப்பும் மின்விசையும் ரெண்டுமே தூரத்தோட வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அதனால அதே கணக்கு பிளாஸ்மாவுக்கும் பொருந்துச்சு. பிரின்ஸ்டன்ல 1951-ல ஃப்யூஷன் ஆராய்ச்சியை ஆரம்பிச்ச வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் அதை பிளாஸ்மாவுக்குக் கொண்டு வந்தார். இன்னிக்கும் பாடப்புத்தகத்துல அதுக்குப் பேர் சந்திரசேகர் ஃபங்ஷன்.

அந்த ஃபங்ஷன் சொல்ற விஷயம் சுவாரசியமானது. எலக்ட்ரான்கள் பீமைவிட ரொம்ப வேகமா ஓடினா இழுப்பு குறையும். ரங்கநாதன் தெருவுல நிதானமா நடக்கற கூட்டத்துக்குள்ள நீங்க புகுந்து போனா எல்லாரும் உங்களைத் தடுப்பாங்க. அதே கூட்டம் எல்லாப் பக்கமும் தலைதெறிக்க ஓடினா? முன்னாடி இருந்து இடிக்கறவங்களும் பின்னாடி இருந்து தள்றவங்களும் கிட்டத்தட்ட சமம். யாரும் உங்க பக்கத்துல ரொம்ப நேரம் நிக்கறதும் இல்ல. எலக்ட்ரான் வெப்பநிலை 10 மடங்கு ஏறினா இழுப்பு சுமார் 30 மடங்கு குறையும்.

வெப்பநிலையை ஏத்தி ஏத்தி ஓட்டிப் பார்த்தேன். என் கிராஃப் 7 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் பக்கத்துல 1-ஐத் தொட்டுச்சு. அது சுமார் எட்டு கோடி டிகிரி. கோடி டிகிரியே வேணாம்னு ஆரம்பிச்சவன் சுத்தி அதே கோடிக்குத்தான் வந்து நின்னேன்.

இதை 1971-லேயே டாசன், ஃபர்த், டென்னி மூணு பேரும் கணக்குப் போட்டிருக்காங்க. சூடான ட்ரிட்டியம் பிளாஸ்மாவுக்குள்ள டியூட்ரான் பீம். பிரின்ஸ்டனோட டிஎஃப்டிஆர் மெஷின் இந்த யோசனையை வெச்சுத்தான் வளர்ந்துச்சு. பீமை உள்ள அனுப்பறதே ஒரு வித்தை. மின்னூட்டம் இருந்தா காந்தப்புலம் வளைச்சுடும். அதனால முடுக்கின அயனியை நடுநிலை அணுவா மாத்தி அனுப்புவாங்க, உள்ள போனதும் அது மறுபடி அயனி ஆயிடும். 1994-ல அந்த மெஷின் 10.7 மெகாவாட் இணைவுத் திறன் எட்டுச்சு. உள்ள போட்டது சுமார் 40 மெகாவாட். 2021-ல இங்கிலாந்தோட ஜெட் மெஷின் 59 மெகாஜூல் எடுத்ததும் ட்ரிட்டியம் அதிகமா இருந்த பிளாஸ்மாவுல டியூட்ரான் பீமை விட்டுத்தான். அங்கயும் போட்டதைவிட வந்தது கம்மி. என் கிராஃப் பிளாஸ்மாவை அவ்வளவு சூட்டுல வெச்சிருக்கற செலவைச் சேர்க்கவே இல்லையே!

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். 1.7 வந்த ராத்திரி உள்ளுக்குள்ள ஒரு சின்ன உறுத்தல் இருந்துச்சு. இவ்வளவு சுலபமா இருந்தா இத்தனை வருஷமா யாரும் செய்யாமலா இருப்பாங்க? ஆனா நான் செக் பண்ணல. முதல்லயே 0.1 வந்திருந்தா விடிய விடிய பக் தேடியிருப்பேன். யூனிட் தப்பை பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன். பிடிச்ச விடை வந்ததால தேடவே தோணல. என் தப்பு யூனிட்ல மட்டும் இல்ல, அங்கயும்தான்.

ஃபைனல் ரிவ்யூவுல அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல போடப் போறேன். 1.7, 0.1. நடுவுல நான் மறந்த எலக்ட்ரான்கள். மேடம்கிட்ட காட்டினேன். "இதுதான் உன் ரிசல்ட்"னாங்க.

உங்களுக்கும் ரிவ்யூ வரும். ஸ்லைடுல ரொம்பப் பிடிச்ச நம்பர் எதுன்னு பாருங்க. அதை முதல்ல சந்தேகப்படுங்க.