பழவேற்காட்டுக் கோட்டை: வென்றவர்கள் தோற்ற சண்டை

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் வருகிறவர்கள் ஏரியையும் படகையும் பார்ப்பார்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கும் டச்சுக் கல்லறையையும் பார்ப்பார்கள். ஊருக்குள்ளேயே முட்புதர் மண்டிக் கிடக்கும் மேட்டில் ஏறுகிறவர்கள் குறைவு. அங்கே புதைந்திருப்பது கெல்டிரியா கோட்டை. அது எழக் காரணம் 1612-இல் இந்த ஊருக்குள் நடந்த ஒரு தாக்குதல்.

சண்டைக்கு மூலம் துணி. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்கிந்தியத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கே மதிப்பு அதிகம். துணி இருந்தால்தான் மசாலா கிடைக்கும். அந்தத் துணி ஏற்றுமதியான பெரிய துறைகளில் பழவேற்காடும் ஒன்று. போர்ச்சுக்கீசியர் இங்கே முன்பே கால் ஊன்றியிருந்தார்கள். அவர்களுடைய பலமான இருப்பிடம் தெற்கே சாந்தோம்.

1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அனுமதி தந்தார். ஐரோப்பாவில் ஸ்பெயினும் ஹாலந்தும் 1609-இல்தான் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் செய்திருந்தன. போர்ச்சுக்கல் அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்ததால் அந்த ஒப்பந்தம் போர்ச்சுக்கீசியரையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆனால் கையெழுத்து ஐரோப்பாவோடு நின்றுவிட்டது. 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் டச்சுப் பண்டகசாலையைச் சூறையாடினார்கள். அங்கிருந்தவர்களில் சிலரைக் கொன்றார்கள், சிலரைப் பிடித்துச் சென்றார்கள். அன்றைய வெற்றி சாந்தோமுக்கே.

ஆனால் அந்த அடி டச்சுக்காரர்களுக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. மன்னரின் அனுமதி மட்டும் சரக்கைக் காக்காது, மதில் வேண்டும். அடுத்த ஆண்டு வந்த டச்சு அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெம் கோட்டையைக் கட்டி முடித்து, தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரைச் சூட்டினார். நான்கு கொத்தளம், சுற்றிலும் அகழி. போர்ச்சுக்கீசியர் மறுபடியும் முயன்றார்கள், கோட்டை அசையவில்லை.

அதன் பிறகு கரையின் போக்கே மாறியது. பழவேற்காடு டச்சுச் சோழமண்டலத்தின் தலைமையிடமானது. இங்கே தயாரான வெடிமருந்து ஆசியாவெங்கும் இருந்த டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் போனது. துணியோடு, பஞ்சத்திலும் போரிலும் நொடித்துப்போன மனிதர்களும் அடிமைகளாக ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அந்தக் கணக்கையும் இந்தக் கோட்டையின் பெயரில்தான் எழுத வேண்டும். மறுபக்கம் போர்ச்சுக்கீசியர் ஒவ்வொன்றாக இழந்தார்கள்: 1641-இல் மலாக்கா, 1656-இல் கொழும்பு, 1658-இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் வசமாயின. 1662-இல் சாந்தோமையே கோல்கொண்டா படை பிடித்தது.

கோட்டைக்கும் காலம் வந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், திருப்பித் தந்தார்கள், 1795-இல் மீண்டும் பிடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்தும் போட்டார்கள். 1825-இல் ஊர் நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது.

இன்று இந்தக் கரையின் வணிகம் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் நடக்கிறது. பழவேற்காட்டுக்கு மிஞ்சியது மீனும் இறாலும் பறவைகளும் பழங்கல்லும். அந்தக் கல்லில் கல்லறைக்குக் கிடைக்கும் பார்வையாளர்கள் கோட்டை மேட்டுக்குக் கிடைப்பதில்லை. கல்லறையில் கிடப்பவர்கள் இந்த ஊருக்கு ஏன் வந்தார்கள் என்பதற்கு விடை அந்த மேட்டில்தான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அது கால் நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.