ஒரு பிக்குல் சுமை

பிக்குல் என்றால் மலாயில் தோளில் தூக்கிச் சுமப்பது. பழைய வியாபாரக் கணக்கில் அதுவே ஓர் எடையின் பெயரும்கூட. 100 காத்தி சேர்ந்தால் ஒரு பிக்குல், ஏறக்குறைய 60 கிலோ. ஒரு ஆள் தோளில் எவ்வளவு தாங்குவானோ அதுதான் அளவு. கிலோ கணக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும், பினாங்கில் அரிசி மூட்டை தூக்கியவர்களின் பேச்சில் இந்தச் சொல் இன்னும் மிச்சமிருக்கிறது. என் அப்பா அவர்களில் ஒருவர்.

ஜார்ஜ்டவுன் சுமைகளின் ஊர். நாசி கண்டாரில் வரும் ‘கண்டார்’ தோளில் கம்பு வைத்து இரண்டு முனையிலும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பதைக் குறிக்கிறது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி என்று தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற சாப்பாடு அது. காவடியும் அடிப்படையில் அதே கம்புதான். தைப்பூசத்தில் 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி அதைத் தண்ணீர்மலைக்குக் கொண்டுபோகிறோம். என் தாத்தா வெல்ட் கீ கரையில் தொங்காங்கிலிருந்து கிட்டங்கிக்கு மூட்டை சுமந்தார். அப்பா ஒரு மொத்த வியாபாரக் கடையின் லோரியில் ஏற்றி இறக்கினார். நான் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் சுமை தூக்காமல் சம்பாதிக்கும் முதல் ஆள் நான்தான்.

அதனால்தான், நான் கெட்டில்பெல் வாங்கி வந்த அன்று அப்பாவுக்குக் கோபம் வந்தது.

“காசு குடுத்து பாரம் தூக்கப் போறியா? எங்களுக்கெல்லாம் தூக்குனாத்தான் காசு குடுத்தாங்க.”

பெரியம்மாவின் கவலை வேறு. “பொம்பளப் புள்ள பாரம் தூக்கக் கூடாதும்மா, கருப்ப எறங்கிரும்.” இதைச் சொன்ன பெரியம்மா, எஸ்டேட்டில் இருபது வருடம் பால் வாளி சுமந்தவர்.

கெட்டில்பெல்லைப் பார்க்காதவர்களுக்கு: பீரங்கிக் குண்டுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல் அது. அங்கே ‘பூட்’ என்ற பழைய அளவு உண்டு, ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று அதிகம். இன்றைக்கும் 16, 24, 32 என்று கெட்டில்பெல் வருவதற்குக் காரணம் அந்த ஒரு பூட், ஒன்றரை, இரண்டு பூட்தான். சந்தையில் சும்மா நின்ற இளைஞர்கள் எடைக்கல்லைத் தூக்கிப் பந்தயம் கட்டியிருப்பார்கள். நமக்கு இது புதிதில்லை. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கிறது. நெல்லைச் சீமையில் வடலிவிளையில் பொங்கலன்று பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். கர்லாக்கட்டை இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தின் வழியாக மேற்கே போய், அதன் வாரிசான கட்டை சுழற்றும் போட்டி 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்ஸில் நடந்திருக்கிறது. கெட்டில்பெல்லை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிறகு மற்ற நாடுகளிலும் பரப்பியவர் மின்ஸ்கில் பிறந்த பாவெல் சாட்சூலின். பினாங்குக்கும் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நாங்கள் எட்டுப் பேர். சனிக்கிழமை விடியலில் யூத் பார்க்கில் கூடுவோம், இரும்பெல்லாம் யாராவது ஒருவருடைய காரின் பின்னால் வரும். அறுபது தாண்டிய ஒரு சீன அங்கிள், ஒரு மலாய் நர்ஸ், நாலைந்து தமிழ்ப் பையன்கள், நான். பயிற்சி முடிந்து ரொட்டி சனாயோடு பசியாறுவதும் அட்டவணையில் உண்டு.

இப்படிப்பட்ட இடங்களில் இரும்பைவிட அதிகமாகக் கிடைப்பது அறிவுரை. புதிதாக ஒருவர் வந்து ஒருமுறை வீசிவிட்டால் போதும். முதுகை நிமிர்த்து, மூச்சை விடு, குதிகாலை ஊன்று, தோளை இறக்கு, முட்டியை மடக்காதே, தாடையை உள்ளே இழு. ஆறு பேர், ஆறு வாக்கியம். வந்தவருக்கு எந்தக் கால் தன்னுடையது என்பதே மறந்துபோகும். அங்கிள்தான் ஒரு விதி கொண்டுவந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு ஆள், ஒரு திருத்தம். அதைச் செய்து முடித்த பிறகுதான் அடுத்தது. எங்கள் குழுவில் அதிகம் புழங்கும் சொல்லும் ஒன்றே, மூன்று மொழிகளில்: பெலான்-பெலான், பான்-பான், மெதுவா.

வீச்சு என்று நான் சொல்வது ‘ஸ்விங்’. கெட்டில்பெல்லுக்கு அதுதான் அரிச்சுவடி. பலர் அதை உட்கார்ந்து எழுவதுபோலச் செய்கிறார்கள், அல்லது தோளால் தூக்குகிறார்கள். உண்மையில் அது இடுப்பின் வேலை. சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி தள்ளி நின்று, முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முதுகு வளையாமல் இடுப்பில் மடிந்திருப்பீர்கள். அங்கிருந்து விசையோடு நிமிர்ந்தால் இரும்பு தானே மார்பு உயரத்துக்கு மிதந்து வரும், கைகள் வெறும் கயிறு. பழகாத ஆண்கள் 16 கிலோவிலும் பெண்கள் 8 கிலோவிலும் ஆரம்பிப்பது வழக்கம். இன்னொன்று: இரும்பு தரையைத் தொடும்வரை சுற்று முடியவில்லை. முடிந்தது என்று மனம் தளர்ந்து, முதுகை வளைத்து இரும்பைப் போடும் அந்த ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும் முதுகுகள் நிறைய.

ஒருநாள் வீட்டில் 12 கிலோவை வீசிக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“இத நாங்க செஞ்சிருக்கோம்.”

லோரியில் மூட்டை ஏற்றும்போது இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று ஆட்டி, மூணில் மேலே வீசுவார்களாம். “கையால தூக்குனா பத்து மூட்டைல செத்துருவ. இடுப்ப வச்சு எறியணும். ஒனக்கு இருக்கறது கைப்பிடி, எங்களுக்கு சாக்கு மூல. அவ்ளோதான்.”

அசைவு ஒன்றே என்றால், அவருடைய முதுகு ஏன் ஐம்பது வயதில் போனது? அன்றிரவு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அரை நிமிடத்துக்குப் பத்து என்று ஐந்து நிமிடத்தில் நூறு வீச்சு, 12 கிலோ வீதம் 1,200 கிலோ. அதன் பிறகு குளியல், தோசை. அப்பாவின் லோரியில் 50 கிலோ மூட்டை 200 ஏறினால் பத்து டன். இரண்டு ஆளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து. அது ஒரு லோரி. இரண்டாவது லோரி வந்து நிற்கும்போது ‘இன்னிக்கு இடுப்பு சரியில்ல, நாளைக்குப் பாக்கலாம்’ என்று சொல்ல முடியாது. எனக்குச் சொல்ல முடியும். வலித்தால் எடையைக் குறைப்பேன், தூக்கம் சரியில்லை என்றால் விட்டுவிடுவேன். எங்கள் குழு கொடுக்கும் அறிவுரைகளில் பாதி ஓய்வைப் பற்றியது. அப்பாவுக்கு யாரும் அந்த அறிவுரையைக் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் அதைக் கேட்பதற்கான வசதி அவரிடம் இல்லை. உடலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, அதன் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயமாகப் பட்டது. அவருடைய கோபம் அதற்குப் பிறகு எனக்குக் கேலியாகக் கேட்கவில்லை.

அம்மா விழுந்தது போன வருடம். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், பட்டப்பகலில். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. அப்பா டீக்கடையிலிருந்து திரும்பும்வரை நாற்பது நிமிடம் தரையிலேயே கிடந்திருக்கிறார். அதன் பிறகு தரையில் உட்காருவதையே விட்டுவிட்டார். வாசலில் கோலம் நின்றது. கோயிலுக்குப் போனால் தூணோரம் நின்றுகொண்டே இருப்பார். “ஒக்காந்தா எந்திரிக்க முடியாம போயிட்டா?”

கெட்டில்பெல்லில் ‘டர்க்கிஷ் கெட்-அப்’ என்று ஒன்று இருக்கிறது. மல்லாந்து படுத்து, ஒரு கையில் எடையை நேரே மேலே நீட்டி, அந்தக் கை சாயாமல் படிப்படியாக எழுந்து நிற்க வேண்டும். பிறகு அதே வழியில் இறங்கிப் படுக்க வேண்டும். பழகுபவர்களுக்கு முதலில் இரும்பு தரமாட்டார்கள், முஷ்டியின்மேல் ஒரு சப்பாத்தை நிறுத்தி வைப்பார்கள். எடையை எடுத்துவிட்டால் அது விழுந்த ஒருவர் எழுவதற்கான பாடம்தான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவுசெய்தேன். அங்கிள் கேட்டுவிட்டு, “ரெண்டு வாரத்துக்கு மொத அசைவு மட்டும்” என்றார்.

மொத அசைவு: ஒரு முட்டியை மடக்கி, எதிர்ப்பக்க முழங்கைமேல் சாய்ந்து எழுவது. பாயில் படுத்த அம்மா சப்பாத்தைப் பார்த்ததும், “செருப்பையா கையில ஏந்தச் சொல்ற?” என்று திட்டினார். பிளாஸ்டிக் கப் வைத்தோம். கப் பலமுறை விழுந்தது. மூன்றாவது வாரத்தில் முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு. பிறகு காலைப் பின்னால் இழுத்து மண்டியிடுவது, அங்கிருந்து ஒரு பாதத்தை ஊன்றி நிற்பது. மண்டியில் மட்டும் ஒரு மாதம் ஓடியது. அப்பா நாற்காலியிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார், இன்றைக்குப் போதும் என்று சொல்வதும் அவர்தான்.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் உண்டு. தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் துணையும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கவும், மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் தோள் உயரத்தில் நட்டது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. பெரியம்மாவின் எச்சரிக்கையை இப்போது அந்தக் கல்லோடு சேர்த்தே கேட்கிறேன். சுமந்து களைத்தவர்களின் பயம் அது. அவரோடு நான் வாதம் செய்வதில்லை. 8 கிலோவைக் கையில் கொடுத்துப் பார்த்தேன், “இவ்ளோதானா?” என்றார்.

இந்த வருடம் ஒரு பூசையில் அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முடிந்ததும் ஒரு கையை ஊன்றி, மண்டியிட்டு, எழுந்தார். அடுத்த வாரம் நான் போனபோது எதிர்வீட்டு அத்தை எங்கள் பாயில் படுத்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முட்டி, கை, மூச்சு, கால் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பேப்பரை இறக்கினார்.

“ஒண்ணொண்ணா சொல்லு. பாவம், பயந்துரப் போறா.”