கட்டி என்பது நோயின் பெயரன்று

‘கட்டி’ என்னும் சொல் ஒரு பொருளின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. வெல்லக்கட்டி, மண்கட்டி எனத் திரண்டு இறுகிய எதனையும் அது குறிக்கும். மலையாளத்தின் ‘முழ’வும் அத்தகையதே, புடைத்திருப்பது என்பதற்கு மேல் அது எதுவும் கூறாது. வடமொழிக் ‘குல்மம்’ புதரையும் குறிக்கும். ஆயுர்வேதத்தில் வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் திரட்சியையும் குறிக்கும். அதுவே தமிழில் ‘குன்மம்’ ஆகி, சித்த மருத்துவத்தில் செரியாமையும் எரிச்சலும் வலியும் சேர்ந்த வயிற்று நோய்களின் பெயராயிற்று. புற்றுநோய்க்குக் கிரேக்கர் இட்ட பெயர் நண்டு. எல்லாம் தொட்டும் பார்த்தும் இட்ட பெயர்கள். ஆயினும் ‘வயிற்றில் கட்டி’ என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் நாம் ஒரே ஒரு நோயைத்தான் நினைக்கிறோம்.

பாலக்காட்டின் சிற்றூர்ப் பகுதியிலிருந்து பீருமேட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மணமாகிப் போனவர் என் அத்தை. ஐம்பதை நெருங்கும் வயது, கொழுந்து பறிப்பவர். மூன்று மாதங்களாக அவருடைய வயிறு உப்பியது, உடல் மெலிந்தது. ஸ்கேனில் வயிற்றில் நீரும் சினைப்பையை ஒட்டி ஒரு திரட்சியும் தெரிந்தன. சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனையில், மில்லிலிட்டருக்கு 35 அலகு என்ற வழக்கமான வரம்பைப் பன்மடங்கு தாண்டியிருந்தது. “முழயுண்டு” என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அன்றிரவே அத்தை தம் இரண்டு வளையல்களை யாருக்கு எது என்று பிரித்து வைத்துவிட்டார்.

இம்மூன்றும் ஒருங்கே தோன்றினால் எந்த மருத்துவரும் சினைப்பைப் புற்றைத்தான் முதலில் ஐயுறுவார், ஐயுறவும் வேண்டும். ஆனால் சி.ஏ. 125 புற்றில் மட்டும் உயர்வதில்லை. வயிற்றின் உட்சவ்வு எதனால் எரிச்சலுற்றாலும் உயரும். மாதவிலக்கிலும் கருவுற்ற காலத்திலும் கூட உயரலாம். உட்சவ்வைத் தாக்கும் காசநோய் நீரைச் சேர்க்கும், கொழுப்புத் திரையைத் தடிக்கச் செய்யும், குடலை ஒட்டவைத்துக் கட்டிபோல் திரட்டிக் காட்டும். பெருங்குடலின் தொடக்கத்தில் வரும் காசநோய் குடற்புற்றைப் போலவே தோன்றும். கல்லீரலில் அமீபாச் சீழ்க்கட்டியும் நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் உண்டு. கேரளத்துக்கே உரியதென நெடுங்காலம் பேசப்பட்ட கணைய அழற்சியும் இவ்வரிசையில் சேரும். அதனை விரிவாக ஆராய்ந்த பி. ஜே. கீவர்கீஸின் நூல் 1968இல் வெளிவந்தது. அந்நோயில் கணையத்தின் தலைப்பகுதி வீங்கிப் புற்றுபோலத் தெரிவதுண்டு. உண்மையான புற்று அதனுள்ளேயே தோன்றுவதும் உண்டு.

வேறொரு மருத்துவமனையில் ஒரு மருத்துவர், “பனியுண்டோ?” என்று கேட்டார். அத்தை இல்லையென்று தலையசைத்தார். தமிழில் பனி குளிர்ச்சி, மலையாளத்தில் காய்ச்சல் என்பது நாம் வகுப்பில் சிரிக்கும் எடுத்துக்காட்டு. இங்குச் சிக்கல் அதுவன்று. முப்பது ஆண்டுகளாக மலையில் வாழும் அவருக்கு அச்சொல் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வழக்கில் பனி என்றால் நடுங்கிப் படுக்க வைக்கும் காய்ச்சல். “சாயங்காலமானா மேல் காந்தும்ல, அதைச் சொல்லுங்க அத்தை” என்றேன். “அது காந்தல்தானே, பனியில்லையே” என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். மாலைதோறும் வரும் அந்தச் சூடு காசநோயின் பழைய அடையாளங்களுள் ஒன்று.

வயிற்று நீரைச் சோதித்தனர். பின்னர்ச் சிறு துளையிட்டுக் கருவி செலுத்தி உட்சவ்விலிருந்து திசு எடுத்தனர். நுண்ணோக்கியில் காசநோய்க்குரிய சிறு முடிச்சுகள் தெரிந்தன. ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு வகை, அடுத்த நான்கு மாதம் மூன்று வகை, எல்லாம் அரசு இலவசமாகத் தருவது. இத்தகைய நிலையில் திசு பார்க்காமலே கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அத்தை இப்போது மீண்டும் கொழுந்து பறிக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, கட்டியென்றால் அஞ்சவேண்டியதில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அதே தோற்றம் இன்னொருவருக்குப் புற்றாகவே இருக்கும். அங்கே நாள் கடத்துவது உயிருக்கே கேடு. குடற்புற்றுக்குப் பெரும்பாலும் அறுவை. சினைப்பைப் புற்றுக்கு அறுவையும் மருந்தும். நிணநீர்ப் புற்றுக்குப் பெரும்பாலும் கத்தியின்றி மருந்தே. ஸ்கேன் இடத்தையும் அளவையும் காட்டும். இன்ன நோய் என்று உறுதி செய்வது, பெரும்பாலான வேளைகளில், திசுவே. நோயாளியின் சொல்லோ எதைத் தேடவேண்டும் என்பதைச் சொல்லும்.

அச்சொல் கேட்கப்படுவதற்கான ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. அத்தை கைநாட்டு வைத்த ஒப்புதல் படிவமோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. நான் வரிவரியாகப் படித்துச் சொன்னேன். உடன்வர ஆளில்லாதவருக்கு யார் சொல்வார்?

தேவிகுளம், பீருமேடு, சிற்றூர் வட்டங்களில் களப்பணி செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உறவுப்பெயர்களையும் பயிர்ப்பெயர்களையும் திரட்டும்போது உடல்நோவுச் சொற்களையும் திரட்டுங்கள்: காந்தல், கடுப்பு, உளைச்சல், பிசைதல். எந்தச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் குறியுங்கள். ஒரு மருத்துவரின் மேசைமேல் வைக்கத்தக்க நான்கு பக்கப் பட்டியல் போதும். உங்கள் ஊரில் மாலைக் காய்ச்சலுக்கு என்ன சொல்? எழுதுங்கள், தொகுக்கத் தொடங்குகிறேன்.