காலியாக இருந்த கட்டம்

ஜொகூர் பாருவில் நான் நடத்திய வழக்குகளில், சாட்சிக் கூண்டில் ஒருவர்கூட ஏறாமலே முடிந்தது இது. கட்சிக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். இதய வால்வில் கிருமி தொற்றி, அரசு மருத்துவமனை ஒன்றில் வாரக்கணக்கில் நரம்பு வழியாக ஜென்டாமைசின் ஏற்றப்பட்டது. அவர் பிழைத்தது அந்த மருந்தால்தான். அதை நாங்கள் மறுக்கவே இல்லை.

ஜென்டாமைசின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் சுணங்கினால் மருந்து உடம்பில் தேங்கி உட்செவியின் சமநிலையைக் கெடுக்கும்; கெட்டது பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால்தான் அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு இரத்தம் எடுத்து, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கோப்பில் 0.8 என்று இருந்தது; எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டியது. ஆனால் இரத்தம் எடுத்த நேரத்தை எழுதும் கட்டம் காலி. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தை, வேளை தவறி 12-ஆம் மணியில் அளந்தால், தேங்கிய மருந்தும் குறைவாகவே தெரியும். நேரமில்லாத எண் எதையும் நிரூபிக்காது என்பதே என் வாதம். (எங்களுக்கும் அது எதையும் நிரூபிக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

இன்னொரு வாதமும் கைவசம் இருந்தது. ஆபத்தை நோயாளியிடம் சொன்னார்களா என்பதைச் சக மருத்துவர்களின் கருத்துக்கு விடாமல் நீதிமன்றமே எடைபோடும் என்று, 2006-இல் ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டையும் யாரும் கேட்கவேண்டி வரவில்லை. வீடு திரும்பியவருக்கு இருட்டில் நடந்தால் கால் தள்ளாடியது. “காய்ச்சல் போனதே பெரிசு சார், காலைப் பத்தி யார் நெனச்சா?” என்றார். காது நிபுணர் காரணம் சொன்னபோது மூன்றாண்டு கடந்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம், அரசு மீது வழக்குப் போட 36 மாதம்தான் தருகிறது. தவறு நடந்த நாளிலிருந்து அது எண்ணும், தெரிந்த நாளிலிருந்து அல்ல. தள்ளாட்டம் இன்னும் தொடர்கிறதே என்றேன். தொடர்வது விளைவு, செயல் அல்ல என்றார்கள்.

2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த காலவரம்புச் சட்டத் திருத்தம், மறைந்திருந்த சேதத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டு கொடுக்கிறது. சுவரில் பின்னால் தெரிந்த விரிசலுக்கு அது பொருந்தும். உடற்காயத்துக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

வழக்கு விசாரணையின்றித் தள்ளுபடியானது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மருந்து ஏற்றியபின் நடை தள்ளாடினால், மருத்துவ அறிக்கைக்கு அந்த வாரமே மனு கொடுங்கள்; 36 மாதத்தை மருந்து ஏற்றிய நாளிலிருந்து எண்ணுங்கள்.