கேட்கப்படாத ஒரு குரல்

நான் வாதாடிய வழக்கல்ல அது. விருத்தாசலம் வழக்கறிஞர் சங்க அறையில் உட்கார்ந்து வரி விடாமல் படித்த வழக்கு. 1994-இல் கூலிப் பாக்கி விஷயமாக என்னிடம் வந்துகொண்டிருந்த செராமிக் தொழிலாளி ஒருவர், நகக்கண்ணில் காய்ந்த வெள்ளை மண்ணோடு பையிலிருந்து நக்கீரன் இதழை எடுத்து மேசையில் வைத்தார். "தூக்குக் கைதி எழுதுனதப் போடக் கூடாதுன்னு கவர்மென்ட்டு சொல்ல முடியுமா சார்?"

ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டு சிறையில் சுமார் 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதி மனைவி மூலம் வெளியே அனுப்பினார் என்றும், உயரதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்பு அதில் இருக்கிறது என்றும் நக்கீரன் ஆசிரியர் கோபால் தரப்பு சொன்னது. 1994 ஜூன் 15 தேதியிட்ட கடிதத்தில் சிறைத்துறை ஐ.ஜி. அதை மறுத்து, அந்தக் கதையைத் தொடராக வெளியிடுவதை நிறுத்தச் சொன்னார். அடிப்படை உரிமை பறிபோகும்போது உச்ச நீதிமன்றத்தையே நேராக அணுகலாம் என்கிற அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவின்படி கோபால் மனுப் போட்டார்.

அக்டோபர் 7-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதியதன் சாரம் இது: தங்கள் பெயர் கெடும் என்று அஞ்சி, அச்சேறும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை, வந்த பிறகு வழக்குப் போடலாம். அப்போதும், அவர்கள் பணி சம்பந்தப்பட்ட செய்தியானால், அது பொய் என்பதோடு உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதப்பட்டது என்பதையும் அவர்களே நிரூபிக்க வேண்டும். அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க அரசுக்கு உரிமையே இல்லை. அன்று எங்கள் சங்க அறையில் இதைச் சத்தமாக வாசித்தோம்.

இரண்டாம் வாசிப்பில்தான் உறுத்தியது. தனிமனிதரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது, பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம் என்றும் நீதிமன்றம் வகுத்தது. விதி நியாயமானது. ஆனால் சங்கர் இந்த வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படவில்லை. அதனால் அவர் எழுதவும் இல்லை, வெளியிடச் சம்மதிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டே நீதிமன்றம் முடிவு சொன்னது. அவர் வாழ்க்கையைப் பொறுத்தவரை பொது ஆவணத்தில் இருக்கும் அளவுக்கு மட்டுமே கோபாலுக்கு அனுமதி. ஆவணத்தில் இருப்பதை அச்சிடத் துணிச்சல் எதற்கு? அதில் ஏறாததுதானே ரகசியம்!

இதை விளக்கியபோது அந்தத் தொழிலாளி கேட்டார்: "எழுதினியா இல்லியான்னு அந்தாளையே ஒரு வார்த்தை கேட்ருக்கலாமே சார்?" ஜெயிலிலிருந்த மனிதரைக் கேட்க வழியில்லாமல் இல்லை, யாரும் கேட்கவில்லை. 1995 ஏப்ரல் 27-இல் சேலம் மத்திய சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஏட்டைக் காத்த தீர்ப்பு, ஆசிரியரைக் காக்கவில்லை. 2003-இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் சிறையிலிருந்தார் கோபால். 2018 அக்டோபர் 9-இல், ஆளுநர் பற்றிய கட்டுரைகளுக்காக அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் கைதானார். ஆளுநரைத் தாக்கியோ பலவந்தத்தால் மிரட்டியோ கடமையைத் தடுப்பவர்களுக்கான பிரிவு அது. எழும்பூர் நீதிமன்றத்தில் இந்து நாளிதழின் என். ராம் எழுந்து பேச, மாஜிஸ்திரேட் கோபாலைக் காவலில் வைக்க மறுத்தார். எழுத்தைத் தடுக்கச் சட்டமில்லை என்றானபின், எழுதியவரைப் பிடிக்கப் பிரிவு தேடுகிறார்கள்.

இப்போதும் எந்த வழக்குக் கட்டு மேசைக்கு வந்தாலும், அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று தேடுகிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சட்டக் கல்லூரி அல்ல. நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு வந்த அந்த மனிதர்.