ஞாயிற்றுக்கிழமை தொலைந்து போகிறேன்



"சியாட்டிலில் பொழுது எப்படிப் போகிறது டீச்சர்?" என்று பலர் கேட்கிறீர்கள். ஞாயிறுதோறும் காட்டில் தொலைந்து போகிறேன். சம்பளம் கிடையாது!

மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண், டெய்சி என்ற லாப்ரடாரை வளர்க்கிறார். காணாமல் போனவர்களைத் தேட அதைப் பழக்குகிறார். இங்கே யாராவது மலையில் வழி தவறினால் தேடும் பொறுப்பு ஷெரிஃபுடையது. ஆனால் அவர் கூப்பிட்டதும் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். நாயும் அவரவர் வீட்டு நாய்தான். பயிற்சிக்கு ஒளிந்துகொள்ள ஆள் தேவை, அதுவும் புதுப்புது ஆள். தெரிந்த நாலு பேரை மட்டும் கண்டுபிடிக்கும் நாயால் என்ன பயன்? என் தேங்காய் எண்ணெய்த் தலை டெய்சிக்குப் புதுப் பாடம்.

குட்டியாக இருக்கும்போது, அதன் கண்ணெதிரே பொம்மையோடு ஓடி மரத்துக்குப் பின்னால் ஒளிவார்களாம். பிறகு தூரமும் நேரமும் கூடும். முழுதாகத் தேற ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிடும்.

எட்டாம் வகுப்பில் ஊதுபத்தியை ஒரு மூலையில் வைத்து, வாசனை வந்ததும் கை தூக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதேதான். நம் தோலிலிருந்து ஓயாமல் உதிரும் செல்களின் வாசனையைக் காற்று கொண்டு போகிறது. டெய்சி மூக்கைத் தூக்கிக்கொண்டு இடமும் வலமுமாக ஓடி, வாசனை வரும் திசையைப் பிடிக்கிறது. என்னைக் கண்டதும் திரும்ப ஓடி, எஜமானியை அழைத்து வருகிறது. 2023 துருக்கி நிலநடுக்கத்தில் நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோ, ஜூலி நாய்கள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் மூக்கால்தான்.

ஒளிந்திருப்பவருக்கு ஒரே விதி: குரல் கொடுக்கக் கூடாது. ஈரத் தரையில் தார்ப்பாய் விரித்து, வாக்கிடாக்கியை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாய் மூடி உட்கார வேண்டும். முப்பத்தைந்து வருடம் கத்தியவளுக்கு இது தண்டனைதான்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது பெரியண்ணாவின் நினைப்பு வரும். மறதி நோய் முற்றி வீட்டை விட்டுப் போனவரை இரண்டு இரவு தேடினோமே, உறவுகள் மறந்திருக்க மாட்டீர்கள். டார்ச் விளக்கோடு ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மூன்றாம் நாள் காலை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கரும்புத் தோட்ட வரப்பில் கிடந்தார். உயிர் இருந்தது. நாங்கள் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. இதை டெய்சியின் எஜமானியிடம் சொன்னேன். இங்கும் அப்படிப்பட்ட முதியவர்களைத் தேடித்தான் அடிக்கடி அழைப்பு வருமாம். நாய்க்குப் பதில் குரல் தேவையில்லை.

வீட்டில் மறதி உள்ள பெரியவர் இருந்தால், அவர் மட்டும் உடுத்திய துவைக்காத துணி ஒன்றைத் தனிப் பையில் கட்டி வையுங்கள். மோப்ப நாய் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கண்டுபிடித்ததும் பரிசு கொடுப்பது என் வேலை. கயிற்றுப் பொம்மையின் ஒரு முனை டெய்சியின் வாயில், மறுமுனை என் கையில். 68 வயதில் சேற்றில் நின்று கயிறு இழுக்கிறேன். படம் எடுத்த மருமகள் அனுப்பியதும் போடுகிறேன், சிரிக்காதீர்கள்.