பதினான்கு கதவுகள்

திருவரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அகம். ரேழி, கூடம், முற்றம், அதற்கப்பால் தளிகை உள், கொல்லை என்று நீண்டு கிடக்கும் பழைய வீடு. தளிகை உள்ளில் சுவரோடு பொருத்திய தேக்கு அலமாரிகள். அவற்றுக்குப் பதினான்கு கதவுகள். 1972-ஆம் ஆண்டு ஓர் ஆசாரி எங்கள் திண்ணையிலேயே அமர்ந்து இழைத்துக் கொடுத்தவை. ஐம்பது வருடத்துப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, பச்சை வர்ணம் என்று அடித்தது கறுப்பாகிவிட்டிருந்தது.

சென்ற ஐப்பசியில் என் மனைவி, "ஏன்னா, பெருமாளுக்குத் தளிகை பண்ணற இடம் இப்படி இருக்கலாமோ?" என்றாள். பெங்களூரில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் பெயர்த்தெறிந்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம் என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கதவுகளுக்குப் புது வர்ணம், உடைந்த கடப்பாக் கல் மேடைக்குப் பதில் வேறு மேடை, ஒழுகும் குழாய்க்கு மாற்று. இவ்வளவு போதும் என்று முடிவாயிற்று.

இதற்கு ஒரு கெடுவும் இருந்தது. தை மாதக் கிருஷ்ணபக்ஷப் பஞ்சமி என் தாயாரின் திதி. சிராத்தத்தை வெளியே மடத்திலோ மண்டபத்திலோ வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அவரவர் சௌகரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா நாற்பது வருடம் நின்று சமைத்த இடத்திலேயே அவளுக்கும் சமைக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் பிடிவாதம்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் காண்டிராக்டர் வந்தார். டேப்பை நீட்டி அளந்தார். 1,40,000 ரூபாய் என்றார். "மார்கழிக்கு முன்னாடி முடிச்சுடலாம் சார்" என்றார். புறப்படும்போது பெருமாள் சந்நிதியை நோக்கிக் கீழே விழுந்து சேவித்தார். நான் 80,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன். 32 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன் நான். வீட்டுக் கடன் என்றால் அஸ்திவாரம் எழும்பினால் ஒரு தவணை, தளம் போட்டால் ஒரு தவணை என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே பணத்தை விடுவித்தவன். அப்படிப்பட்டவன் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அவர் சேவித்ததையே பிணையாக எடுத்துக்கொண்டேன் போலும்.

கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வது வாசகர்களுக்குத் தெரிந்ததே. வேலை முடியும்வரை மூலவரின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளப் பண்ணி ஆராதிப்பார்கள். நாங்களும் எங்களால் இயன்ற அளவில் கோவிலாழ்வாரைக் கூடத்துக்கு மாற்றினோம். அடுப்பு பின் தாழ்வாரத்துக்குப் போயிற்று. கார்த்திகை முதல் வாரத்தில் நாள் பார்த்து வேலை ஆரம்பமாயிற்று.

முதல் நாளே இரண்டு பையன்கள் மேடையை உடைத்துத் தள்ளினார்கள். பதினான்கு கதவுகளையும் கழற்றினார்கள். பட்டறையில் வைத்து மெஷினில் ஸ்பிரே அடித்தால்தான் வழவழப்பாக வரும் என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். என் மனைவி ஓடி வந்து ஒரு கதவைக் காட்டி, "இதுக்கு உள்பக்கம் எதுவும் பூச வேண்டாம். அம்மா எழுதி வெச்சிருக்கா" என்றாள். தலையாட்டினார்கள். வண்டி போயிற்று.

அதன் பிறகு மேடை இல்லை, கதவுகளும் இல்லை, வேலையாட்களும் இல்லை. முதல் வாரம், ஆட்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார். இரண்டாம் வாரம் மழை. ஈரத்தில் வர்ணம் காயாதாம். பிறகு மாமியார் மருத்துவமனையில். அதன் பிறகு வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். வீதிகளில் வண்டி விடமாட்டார்கள் என்றார். அது ஒன்று மட்டும் மெய்தான். நாங்களே அந்த நாட்களில் பால் வாங்கப் போய்வருவதற்குள் அரை மணி ஆகிவிடும். ஏகாதசி கடந்ததும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

மார்கழி மாதம் முழுதும் விடியற்காலை 4 மணிக்கு என் மனைவி தாழ்வாரத்தில், தரையில் அமர்ந்து பொங்கல் பண்ணினாள். அவளுக்கு வயது 70. முழங்கால் மடங்காது. எழுந்திருக்கத் தூணைப் பிடித்துக்கொள்வாள். சாரல் அடித்தால் அடுப்பைச் சுற்றி ஒரு தகரத்தை வைப்பேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபித்துக்கொண்டு ஆறியிருப்பேன்.

ஒருநாள் மாலை மாடியில் உலர்த்திய துணிகளை எடுக்கப் போனவன் ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எங்கள் சிறுபிராயத்தில் அது மொட்டைக் கோபுரம். ராயர் காலத்தில் தொடங்கி நானூறு வருடங்களுக்கு மேல் அப்படியே நின்றது. அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர், எண்பதைக் கடந்த திருமேனியோடு அதை எடுத்துக்கொண்டு, 1979-இல் தொடங்கி 13 நிலைகளும் 236 அடியுமாக நிறைவேற்றினார். 1987 மார்ச் 25 அன்று சம்ப்ரோக்ஷணம் நடந்தபோது கூட்டத்தில் நானும் என் தாயாரும் நின்றோம். கீழே வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். "ராயர் கோபுரமே நானூறு வருஷம் நின்னுது. நமக்கு ரெண்டு மாசம்தானே ஆறது" என்று சிரித்தாள். சற்றுப் பொறுத்து, "ஆனா கோபுரத்துக்குத் திதி கிடையாதே" என்றாள்.

மறுநாள் காலை அண்டை வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் அந்தப் பட்டறையைத் தேடிப் போனேன். திதிக்கு இன்னும் 24 நாட்கள். அரியமங்கலத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை, பூட்டியிருந்தது. எங்கள் கதவுகள் கொட்டகைக்கு வெளியே, சுவரில் சாய்த்து ஈர மண்ணில் நின்றன. நான்கு கதவுகளுக்கு வர்ணம் அடித்திருந்தார்கள். பிசுக்கைக்கூடத் துடைக்காமல் அடித்ததால் விரலால் நெருடினாலே தோல் போல உரிந்து வந்தது. அம்மாவின் கதவு கடைசியில் இருந்தது. அடிப்பக்கம் பூசணம் பிடித்திருந்தது. உட்புறத்தில் எழுத்து அழியவில்லை. நான் அங்கேயே அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு குட்டியானை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பதினான்கையும் வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

காண்டிராக்டர் அப்புறம் தாமே வந்தார். தலைகுனிந்து நின்றார். நான்கு இடங்களில் முன்பணம் வாங்கி, ஒருவர் பணத்தை இன்னொருவர் வேலைக்குப் போட்டு, கடைசியில் எங்கும் முடிக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். வங்கியில் இப்படி எத்தனையோ கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவரைத் திருடர் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தடவையாக 25,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதியை வாராக் கடனில் எழுதிவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு வயதான பெயிண்டர் இருக்கிறார். அவர் வந்து கதவை நகத்தால் கீறிப் பார்த்து, "பிசுக்கு மேல பூசினா எந்த பெயிண்டும் நிக்காது சாமி" என்றார். தினக்கூலி, மாலையில் அன்றன்றைய பணம். முன்பணம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

முதலில் ஒவ்வொரு கதவுக்கும், அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கீல் பக்கத்தில் எண் போட்டார். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துக் கழுவினார். கறுப்பு நீராக இறங்கியது. மூன்று தடவை கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, அதன் பிறகே உப்புத்தாள். அந்த நேரத்தில் மகன் தொலைபேசியில், பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும், அப்படியே தேய்க்காதீர்கள் என்று எச்சரித்தான். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதியே நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. 2017 நவம்பர் முதல் நடைமுறை. எங்கள் கதவுகளோ 1972. அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். பேத்தி வேறு திதிக்கு வரப்போகிறாள். ஆகவே கொல்லையில் வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, நீர் விட்டு நனைத்தே தேய்த்தார். தேய்த்த குழம்பையும் ஈரத் துணியால் வழித்து எடுத்தார். பின் ஒரு பிரைமர், குழிகளுக்குப் பட்டி, மறுபடியும் உப்புத்தாள், மறுபடியும் பிரைமர், கடைசியில் இரண்டு கோட்டு எனாமல். ஒவ்வொன்றுக்கும் இடையில் முழுதாக ஒரு நாள். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் அவர் வரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கொத்தனாரையும் குழாய்க்காரரையும் அவரே அழைத்து வந்தார்.

அம்மாவின் கதவுக்கு வந்தபோது உட்புறத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இதை என்ன செய்யட்டும்மா?" என்று என் மனைவியிடம் கேட்டார். விளிம்பில் காகிதப் பட்டை ஒட்டி, வெளிப்புறம் மட்டும் பூசிக் கொடுத்தார்.

என் தகப்பனாரின் முதல் வருஷாப்திகத்தின்போது அம்மா பென்சிலால் எழுதியது அது. பயத்தம்பருப்பு, உளுந்து, மிளகு, எள், வாழைக்காய், அவரை, பிரண்டை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, அளவுகளோடு. கடைசி வரி: பாகற்காய் அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் பண்ண வேண்டும்.

திதிக்கு மூன்று நாள் முன்பு கதவுகள் மாட்டப்பட்டன. எனாமல் நன்றாக இறுக இன்னும் ஒரு வாரமாவது வேண்டும், அதற்குள் கனமான பாத்திரங்களை ஏற்றாதீர்கள் என்றார் பெயிண்டர். ஆகவே வெண்கலப் பானையும் அண்டாவும் கூடத்திலேயே கிடந்தன. சிராத்தத்தன்று என் மனைவி மேடையருகில் நின்றுகொண்டு சமைத்தாள். அவ்வப்போது அந்தக் கதவைத் திறந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அது மனப்பாடம்.

மறுநாள் கோவிலாழ்வார் தம் இடத்துக்குத் திரும்பினார். இரண்டு கதவுகளுக்கு இன்னும் கைப்பிடி இல்லை. சணல் கயிறு கட்டித் திறக்கிறோம். "நாளைக்கு வந்து மாட்டிடறேன் சாமி" என்று பெயிண்டர் சொல்லி நான்கு நாள் ஆகிறது.